சைவக் கதை, அசைவக் கதை: எழுதுறவங்க, படிக்கிறவங்க அனுபவம்

தலவாக்கலை மழை:

ரெண்டு பேர்ல காதல் கதை எழுதுறேன். ஒரு பேர்ல வர்றது குடும்பக் கதை, அச்சுப் புத்தகமா ஹட்டன், பண்டாரவளை கடைகள்ல கிடைக்கும். மத்தது போன் செயலியில மட்டும், முதல் வரியிலயே 18+ போட்டிருப்பேன். சைவம், அசைவம்னு வாசகிங்களே பிரிச்சு வச்சிருக்காங்க. வயசானவங்களுக்கு அது, சின்னதுகளுக்கு இதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. என் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தா அந்த நினைப்பு போயிரும்.

ஒரு போயா நாள், பௌர்ணமி லீவுக்கு, சொந்தக்காரங்க இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வரிசை வீட்டு இஸ்தோப்புல, அதான் வராந்தாவுல, ஏ.எல். படிக்கிற புள்ள ஒண்ணு சத்தமா கதை வாசிக்குது. சுத்தி கொழுந்தெடுக்கிற அக்காமார், நடுவுல வெத்தலை இடிச்சுக்கிட்டு ஒரு அப்பாயி. என் புத்தகம்தான். எழுதினது நான்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாண ராத்திரி அத்தியாயம் வந்ததும் புள்ள தொண்டையைச் செருமிக்கிட்டு நாலஞ்சு தாளைச் சேர்த்துப் புரட்டிருச்சு. அப்பாயி இடிக்கிறதை நிப்பாட்டிட்டு, "ஏன் புள்ள, இப்பத்தானே அவளுக்குத் தலையில பூ வச்சுவிட்டாங்க, அதுக்குள்ள மசக்கையா?"ன்னாங்க. இஸ்தோப்பே அதிர்ந்துருச்சு.

கேக்குற காதுக்கு வெக்கமில்ல, வாசிக்கிற வாய்க்குத்தான் வெக்கம். அதனால அச்சுப் புத்தகத்துக்கு எனக்கு ஒரே அளவுதான்: அந்தப் புள்ள அப்பாயி முன்னால தாளைத் தாண்டாம வாசிக்கணும். அதுக்காக சூடு குறையணும்னு இல்ல. ஒரு கதையில, கொழுந்தெடுக்கிறப்போ இடுப்புல சுத்திக் கட்டுற படங்கோட கயிறு மழையில ஊறி முடிச்சு இறுகிப் போயிரும். விரல் விறைச்சு அவளால அவிழ்க்க முடியல. அவன் குனிஞ்சு முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டுட்டு, கயிறை அவ கையில குடுத்துட்டுப் போயிருவான். அந்தப் பக்கத்துக்கு வந்த மெசேஜ் எந்த அசைவ எபிசோடுக்கும் (எபி) வந்ததில்ல.

அசைவம் தனியாப் படிக்கிறது. லயத்துல தனின்னா கம்பளிக்குள்ள, போன் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, அதுக்குள்ளயே மாமியார், கொழுந்தன். அப்படிப் படிக்கிறவங்களுக்கு ஏசி ரூமும் ரோஜா இதழும் எழுதினா, "இதெல்லாம் யார் வீட்டுல அக்கா?"ன்னு கேப்பாங்க. தேயிலைக்குள்ள ஒதுங்க வச்சா, "அட்டை கடிக்காதா?" அதனால இடம் தேடுறதுலயே என் எபி பாதி போயிரும். மாமியார் ஊருக்குப் போகணும், தகரத்துல மழை நல்லா அடிக்கணும், பக்கத்துக் காம்பராவுல குறட்டை கேக்கணும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். அவ வேணாம்னா அவன் நிப்பாட்டிருவான், அதுல மாத்தமே இல்ல. ஆன்டி ஹீரோ கேட்டு வர்றவங்களுக்கு வேற ரைட்டருங்க இருக்காங்க. அறைஞ்சுட்டுக் காதலிக்கிறவன் நம்மகிட்ட கிடையாது.

உங்களுக்கு நடந்ததையும் போடுங்க.

வலயத்து வாசகி:

நான் கட்டுநாயக்கவுல கார்மெண்ட், ஊர் மஸ்கெலியா. போர்டிங்ல எல்லாரும் ஒரே ரூம்தான். நைட் ஷிப்ட் விட்டு வர்றப்போ ரோட்டுல கேக்குற அசிங்கப் பேச்சே போதும் அக்கா, படுக்கிறப்போ எனக்கு அந்தப் படங்குக் கயிறு போதும். அசைவம் எங்க அம்மாவுக்கு. மலைக்கு வேலைக்குப் போயிட்டு வந்து, சமைச்சு, எல்லாரும் படுத்த பிறகு படிக்குமாம். போன வாரம் கோல் எடுத்து, "அந்த 18+ புள்ள எபி போட்டிருச்சாம், டேட்டாவுக்கு ரீலோட் போட்டு விடு"ன்னுச்சு. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லல.

அச்சகத்துத் தம்பி:

எழுத்தாளரைச் சொல்லிட்டீங்க, எங்களை விட்டுட்டீங்க. நான் வேலை செஞ்ச அச்சகத்துக்கு ஒரு அம்மா நாவல் கொண்டு வந்தாங்க. முதலாளி ரெண்டு அத்தியாயத்தை எடுத்தாத்தான் அடிப்பேன்னுட்டார். 1927ஆம் வருஷத்து ஆபாச வெளியீட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கு, பொலிசுக்கு யார் அலையிறதுன்னு கேட்டார். அந்த அம்மா ஒண்ணும் பேசாம எடுத்துக் குடுத்துட்டாங்க. புத்தகம் வந்த பிறகு வாங்க வந்தவங்க பாதிப் பேர் அந்த ரெண்டு அத்தியாயம் எங்கன்னுதான் கேட்டாங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னா, டைப் பண்ணின புள்ளைங்க வாய் சும்மா இருக்குமா.

பதுளை டீச்சர்:

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல்னு வகுப்புல சொன்னா கடைசி பெஞ்ச் ஒரு நிமிஷம் சிரிக்கும். "சிரிக்காதீங்க, மலையும் மலை சார்ந்த இடமும்னா நம்ம ஊர்தான்"னு சொன்னா இன்னும் அஞ்சு நிமிஷம். மலை உங்ககிட்ட சரியாத்தான் வந்து சேர்ந்திருக்கு மழை.

சீசன் டிக்கட்:

எனக்கு ஒரு முறைப்பாடு. அசைவப் பேர்ல சுரங்க எபி ஒண்ணு போட்டீங்களே. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவுல இருக்கிற சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஏத்தத்துல ரயில் எவ்வளவு இழுத்துக்கிட்டுப் போனாலும் நீங்க எழுதினது அத்தனையும் அதுக்குள்ள முடியாது. அதோட, பெட்டி இருட்டானதும் பொடியன்மார் எல்லாம் ஹூன்னு கத்துவாங்களே, அது எங்க?

தலவாக்கலை மழை:

சரி சீசன் அண்ணே, கத்துறதைச் சேர்த்துட்டேன். சுரங்கத்துல இனிமே கை மட்டும்தான். மிச்சத்தை கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷன்ல இறங்கின பிறகு வச்சுக்குவாங்க. திருத்தின எபி வெள்ளிக்கிழமை வரும். வலயத்துத் தங்கச்சி, அம்மாவுக்கு ரீலோட் போட்டு விடுங்க.