முதல் சிகரெட்டைக் கடையில் யார் வாங்குகிறான்?

தேக்காவாசி: "சிகரெட் பெட்டியில் அழுகிய பாதத்தின் படத்தைப் பார்த்தும் பிடிக்கிற பையன் முட்டாள், அவனுக்காக வருத்தப்பட ஒன்றுமில்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சிங்கப்பூரில் 2004 முதல் பெட்டியில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது, 2020 ஜூலையிலிருந்து எல்லாப் பிராண்டுக்கும் ஒரே மங்கிய நிறம், படம் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொள்கிறது. சரி, அதெல்லாம் பெட்டி வாங்குகிறவனுக்கு. பையன்கள் முதல் சிகரெட்டைக் கடையில் வாங்குவதில்லை ஐயா. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூட்டாளி ஒன்றை உருவி நீட்டுகிறான். அதில் ஏது படம்?

ஈசூன்காரன்: எழுதியது நான்தான். ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. நீட்டினால் வாங்கிவிட வேண்டுமா? 2021லிருந்து 21 வயது ஆகாதவன் வாங்கினாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம், அவனுக்குக் கொடுப்பவன் மேலும் குற்றம். இதற்கு மேல் அரசாங்கம் என்ன செய்யும், வாயைத் தைக்கவா முடியும்?

தேக்காவாசி: சட்டத்தை எனக்கு ஒப்பிக்க வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். முதல் சிகரெட் எங்கிருந்து வருகிறது? தெரியாததால் அவன் பிடிக்கவில்லை, வேண்டாம் என்றால் அந்தக் கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது என்பதால் பிடிக்கிறான். புற்றுநோய் வர இருபது, முப்பது வருடம் ஆகலாம், கூட்டாளிகள் சிரிப்பது அந்த நிமிடமே. இழுத்த சில விநாடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது, இந்த வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. அப்புறம்தான் அவன் கடைக்குப் போகிறான். உங்கள் படத்தை அப்போதுதான் பார்க்கிறான்.

பிடோக் அக்கா: தம்பிகளா, வீட்டை மறந்துவிட்டீர்களே. அப்பா தாழ்வாரத்தில் நின்று ஊதினால் மகன் எதைப் பார்த்து வளருவான்?

ஈசூன்காரன்: அக்கா, என் அப்பாவும் ஊதினார், நான் தொட்டதில்லை. மன உறுதி வேண்டும்.

தேக்காவாசி: இதோ வந்துவிட்டது பெருமை. போன மாதம் டியூஷன் பற்றிப் பேசியபோதும் "நான் படிக்கவில்லையா" என்று உங்களையே அளவுகோலாக வைத்தீர்கள். எல்லாரும் நீங்கள் இல்லை.

ஜூரோங் தம்பி: அண்ணே, இப்போது யாருமே சிகரெட் பிடிப்பதில்லை. எல்லாம் வேப், அந்த மின்சிகரெட்தான்.

பிடோக் அக்கா: யாருமேவா? என் புளோக்கு மின்தூக்கிக்குப் பக்கத்தில் வந்து பார் தம்பி. வேப்பை 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருப்பதே குற்றம், அதையும் இவ்வளவு லேசாகச் சொல்கிறாய்.

ஜூரோங் தம்பி: அக்கா, நான் பிடிக்கிறேன் என்று சொன்னேனா? உள்ளதைச் சொன்னேன்.

ஈசூன்காரன்: 2025 செப்டம்பரில் வேப்புக்கு அபராதத்தைக் கூட்டினார்கள், எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்ததைப் போதைப்பொருளாகவே வைத்தார்கள். இதுவும் தெரியாமல் செய்கிறார்களா? தெரிந்துதான். அதைத்தான் முட்டாள்தனம் என்கிறேன்.

தேக்காவாசி: வேப்பையும் கூட்டாளிதான் முதலில் நீட்டுகிறான்! ஒரு இழுப்பு, காசு வேண்டாம். மூன்றாவது முறை கேட்கிறேன், முதல் சிகரெட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பையனைக் காட்டுங்கள்.

ஈசூன்காரன்: கூட்டாளி நீட்டியதை வாங்க மறுத்த ஆயிரம் பையன்களை நான் காட்டுகிறேன். அவர்களுக்குக் கூட்டாளிகள் இல்லையா?

பிடோக் அக்கா: என்னை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை? தாழ்வாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

தேக்காவாசி: மறுத்தவனைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? பிடிக்கிறவனை முட்டாள் என்றது நீங்கள். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள், அப்புறம் பேசலாம்.

ஈசூன்காரன்: பெற மாட்டேன்.