இயற்கைத் தேர்வு கழிக்க மட்டும்தான் செய்யுமா, புதிதாக எதையாவது தருமா?

பொறிஞன்77:
இயற்கைத் தேர்வு நடக்கிறது என்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆன்டிபயாட்டிக் போட்டால் தாங்காதது சாகும், தாங்குவது மிஞ்சும், மிஞ்சியதன் வாரிசுகளும் தாங்கும், அவ்வளவுதான். என் கேள்வி வேறு. தேர்வு ஒரு சல்லடை. சல்லடை கழிக்கும், எதையும் உண்டாக்காது. கிடந்ததில் சிலதைத் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்கிற வேலையை நம்பி, மீனில் தொடங்கி மனிதன் வரை வந்துவிட்டோம் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறீர்கள்? குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது என்ற ரகக் கேள்வி இல்லை இது, அந்த ரகப் பதிலோடு வர வேண்டாம்.

நுண்ணோக்கி:
தேர்வு தனியாக எதையும் படைக்காது, சரி. ஆனால் தேர்வு மட்டும்தான் பரிணாமம் என்று யார் சொன்னது? டிஎன்ஏ நகலாகும்போது பிழை விழுகிறது, அந்தப் பிழைதான் புதுச் சரக்கு. பெரும்பாலான பிழைகளால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, சில கெடுதல், எப்போதாவது ஒன்று அந்தச் சூழலுக்குத் தோதாக அமைந்துவிடும். உங்கள் சல்லடையில் விட்டுப்போனது என்னவென்றால், மிஞ்சியவை சும்மா கிடப்பதில்லை, பெருகுகின்றன, பெருகும்போது மறுபடியும் பிழை விழுகிறது.

கணக்காகவே பார்ப்போம். பத்து கோடிப் பிரிதலில் ஒருமுறை விழும் பிழை ஒன்று, அதே அளவு அரிதான இன்னொன்று. இரண்டும் ஒரே செல்லில் ஒரே சமயத்தில் விழ வேண்டுமென்றால் பத்து கோடியைப் பத்து கோடியால் பெருக்க வேண்டும், நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பிழையே கொஞ்சம் பலன் தந்தால் அந்த செல்லின் வாரிசுகள் கூட்டம் முழுக்கப் பரவிவிடும், அதற்கப்புறம் இரண்டாவது பிழை அவற்றில் எதில் விழுந்தாலும் போதும். ஒரு சோதனைக் குழாயில் பத்து கோடிக்கு மேல் பாக்டீரியா இருப்பது சர்வ சாதாரணம். நடக்காது என்றிருந்ததை நடக்க வைப்பது கழித்தலும் பெருக்கமும் மாறி மாறி வருவதுதான்.

தூறல்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மருந்து வந்ததும் பாக்டீரியா அதைச் சமாளிக்கத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? நீங்கள் இருவருமே அந்த மாற்றம் முன்னாடியே இருந்தது போலப் பேசுகிறீர்கள்.

நுண்ணோக்கி:
முன்னாடியே இருந்ததுதான், தூறல். லூரியா, டெல்ப்ரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1943இல் இதைக் காட்டினார்கள். ஈ. கோலை பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்று உண்டு. பாக்டீரியாவைப் பல குழாய்களில் தனித்தனியாக வளர்த்து, பிறகு ஒவ்வொரு குழாயையும் வைரஸ் பரப்பிய தட்டில் ஊற்றி, எத்தனை பிழைக்கிறது என்று எண்ணினார்கள். வைரஸைச் சந்தித்த பிறகுதான் மாறுகின்றன என்றால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை தேற வேண்டும். வந்ததோ பல தட்டுகளில் பூஜ்யம், சிலவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவு, எங்கோ ஒன்றில் நூற்றுக்கும் மேல். அந்த ஒன்றில் பிழை ஆரம்பத்திலேயே விழுந்து, வைரஸ் கண்ணில் படும் முன்பே வாரிசுகள் பெருகிவிட்டிருந்தன. தேவை வந்து பிழையை அழைக்கவில்லை.

பொறிஞன்77:
அருமையான சோதனை, ஆனால் அது எனக்குத்தான் சாதகம். தப்பியவை எப்படித் தப்பின? வைரஸ் வந்து ஒட்டுவதற்குத் தேவையான புரதம் பழுதானதால். ஏதோ ஒன்று கெட்டுப்போய், அது தற்செயலாக லாபமாகிவிட்டது. இப்படி ஆயிரம் முறை தொலைத்தாலும் புது வேலை செய்யும் உறுப்பு ஒன்று வராது.

நுண்ணோக்கி:
புது வேலைதானே வேண்டும்? லென்ஸ்கி என்ற உயிரியலாளர் 1988இல் ஒரே ஈ. கோலையிலிருந்து 12 கூட்டங்களைப் பிரித்து, தினமும் புது ஊடகத்துக்கு, அதாவது பாக்டீரியாவுக்கு உணவான கரைசலுக்கு, மாற்றி மாற்றி வளர்க்க ஆரம்பித்தார். ஊடகத்தில் குளுக்கோஸ் கொஞ்சம், சிட்ரேட் நிறைய. ஆக்ஸிஜன் இருக்கும்போது ஈ. கோலையால் சிட்ரேட்டைத் தின்ன முடியாது, அதை அடையாளம் காண்பதற்கே இந்தக் குணத்தைப் பார்ப்பார்கள். சுமார் 31,500ஆவது தலைமுறையில் ஒரு கூட்டத்தில் மட்டும் சிட்ரேட்டைத் தின்பவை வந்தன, கொஞ்ச நாளில் அவை பெருகியதில் அந்தக் குடுவை மற்றவற்றைவிட நன்றாகக் கலங்கிப்போனது. அழகு இதற்கப்புறம்தான். 500 தலைமுறைக்கு ஒருமுறை உறைய வைத்திருந்த முன்னோர்களை எழுப்பித் திரும்ப வளர்த்தார்கள், பிந்தைய தலைமுறைகளிலிருந்துதான் அந்தத் திறன் மறுபடி வந்தது, ஆரம்பத் தலைமுறைகளிலிருந்து வரவில்லை. இடையில் சேர்ந்த பிழைகள் அதற்கு வழி செய்து வைத்திருந்தன.

பொறிஞன்77:
இது வரும் என்று எதிர்பார்த்தேன். சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் மரபணு அதனிடம் ஏற்கெனவே இருந்தது, ஆக்ஸிஜன் இல்லாதபோது மட்டும் இயங்கியது. அது இரட்டித்து, ஆக்ஸிஜன் இருக்கும்போதும் இயங்குகிற வேறொரு சுவிட்சுக்கு, அதாவது மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ துண்டுக்கு, அடுத்து போய் உட்கார்ந்தது. பழைய மரபணு, பழைய சுவிட்ச், இடம் மட்டும் புதுசு. அதுவும் 2016இல் வேறொரு குழு சிட்ரேட்டைத் தவிர வேறு வழியில்லாதபடி வைத்தபோது 100 தலைமுறைகூட ஆகாமல் பலமுறை இதே திறன் வந்தது. பிறகு எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்?

நுண்ணோக்கி:
சீக்கிரம் வந்தது என்பது உங்கள் வாதத்துக்கு எப்படி உதவும் என்று எனக்குப் புரியவில்லை. புது வேலை வரவே வராது என்றீர்கள், இப்போது ரொம்பச் சுலபமாக வருகிறது என்கிறீர்கள், ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள். பழைய மரபணு இரட்டித்து ஒரு நகல் வேறு வேலைக்குப் போவது புதுமை வரும் முக்கியமான வழி. உங்கள் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் ஆல்ஃபா, பீட்டா இரண்டும் ஒரே மூதாதை மரபணுவின் நகல்களாகத் தொடங்கியவைதான்.

உறைநிலை:
மரபணு இல்லாத இடத்திலிருந்து மரபணு வந்த கதையும் இருக்கிறது. கடல்நீர் உறைய மைனஸ் 1.9 டிகிரி வரை போக வேண்டும், சாதாரணக் கடல்மீனின் ரத்தம் அதற்கு முன்பே, மைனஸ் ஒன்றை எட்டுவதற்குள் உறைந்துவிடும். துருவக் கடல் மீன்கள் சில, பனித்துகளில் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாத ஒரு புரதத்தை வைத்துப் பிழைக்கின்றன. மூன்று அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் நீண்ட சங்கிலி அது. அண்டார்டிக் மீன்களில் அதன் மரபணுவில் ஒரு பகுதி செரிமான நொதி மரபணுவிலிருந்து வந்திருக்கிறது. ஆர்க்டிக் பக்கத்துக் காட் மீன்களில் கிட்டத்தட்ட அதே புரதம், ஆனால் வந்தது எந்தப் புரதத்துக்கும் குறிப்பில்லாத டிஎன்ஏ பகுதியிலிருந்து. கூடவே ஒன்று, எல்லா மாற்றத்தையும் தேர்வின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பலனுமில்லாத கெடுதலுமில்லாத பிழைகள் வெறும் தற்செயலாலேயே பரவும் என்று மரபியலாளர் கிமுரா 1968லேயே சொல்லிவிட்டார்.

பொறிஞன்77:
காட் மீன் விஷயம் எனக்குப் புதுசு, படிக்கிறேன். ஆனால் மூன்றே துண்டு திரும்பத் திரும்ப வருகிற எளிய புரதம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கால் அப்படியா? எலும்பு, மூட்டு, தசை எல்லாம் ஒருசேர மாற வேண்டும். அடுத்து டிக்டாலிக் என்பீர்கள், மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் நடுவில் வைக்கிற அந்தப் புதைபடிவத்தை, அதற்கும் முன்கூட்டியே சொல்கிறேன், 2010இல் போலந்திலிருந்து அறிவித்த நாலுகால் பிராணியின் கால்தடங்கள் அதைவிட ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை.

நுண்ணோக்கி:
டிக்டாலிக்கை யாரும் நம் நேரடிப் பாட்டன் என்று சொல்லவில்லை, அந்தக் கிளையில் ஓர் உறவு, அவ்வளவே. கால்தடங்கள் எந்த விலங்குடையது என்பதிலேயே சண்டை ஓடுகிறது. உண்மையாகவே காலுடையதன் தடம் என்றாலும் தேதி பின்னால் போகும், துடுப்பு காலானது என்பது போகாது. எல்லாம் ஒருசேர மாற வேண்டும் என்கிறீர்களே, 2021இல் வெளியான ஜீப்ரா மீன் ஆய்வைப் பாருங்கள். ஒரே ஒரு மரபணுவில் ஒரு மாற்றம், துடுப்புக்குள் கூடுதலாக நீண்ட எலும்புகள் வந்தன. வந்த எலும்புக்கு மூட்டும் சேர்ந்தே அமைந்தது, தசையும் தானாக வந்து பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிழை தேவைப்படவில்லை.

பொறிஞன்77:
அந்த எலும்பால் அந்த மீனுக்கு ஏதாவது பலன் உண்டா? இல்லையென்றால் உங்கள் தேர்வே அதைக் கழித்துக்கட்டிவிடும்.

நுண்ணோக்கி:
கண்ணாடித் தொட்டியில் நீந்துகிற மீனுக்கு ஒரு பலனும் இருக்காது. முழங்கால் ஆழத் தண்ணீரில் தரையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டிய மீனுக்கு நிச்சயம் இருக்கும். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் கிடைத்த பாறை ஆழமில்லாத ஓடைகள் விட்டுப்போன படிவு.