மூன்று வீட்டுக்கு ஒரு வோஷிங் மெசின், சண்டை பிடிக்காமல் எப்படிச் சொல்வது?

மேல்மாடிக்காரி:

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், அவர், ஏழு வயது மகள். கீழே ஒரு குடும்பம், பின்னால் அனெக்ஸில் கம்பஸ் பெடியள் மூன்று பேர். வீட்டுக்காரர் கனடாவில். இரண்டு வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் ஒரு 7 கிலோ டொப் லோட் மெசினை வாங்கிப் பின் விறாந்தையில் வைத்துவிட்டு, "எல்லாரும் பாவியுங்கோ" என்று சொல்லிப் போட்டு பிளேன் ஏறிவிட்டார். இன்றுவரைக்கும் அந்த ஒரு வசனம்தான் எங்களுக்குச் சட்டம்.

கோடையில் பெரிய பிரச்சினை இல்லை. இப்போது மாரி. நாலு நாள் மூடிக்கட்டிக்கொண்டு இருந்துவிட்டு ஒரு நாள் வெயில் எறித்தால் மூன்று வீடும் ஒரே நேரத்தில் வாளியோடு விறாந்தையில் நிற்கும். பெடியள் விளையாடிவிட்டு வந்த செம்மண் உடுப்பை உதறக்கூட மாட்டார்கள், அப்படியே உள்ளே. அடுத்ததாகப் போடுகிற ஆள் டிரம்மின் அடியில் மண்ணைத் தடவிப் பார்க்கலாம். கீழ்வீட்டு ஆன்ரி சவுக்காரத்தூளை அளப்பதில்லை, பைக்கற்றைக் கவிழ்ப்பார். கரைந்து முடியாத தூள் என்னுடைய கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன ஞாயிறு பின்னேரம் மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இரண்டையும், இன்னும் கொஞ்ச வெள்ளை உடுப்புகளையும் போட்டுவிட்டு மேலே வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் மெசினுக்குள் ஆன்ரி வீட்டுப் பெட்சீற் ஓடுகிறது, என்னுடைய உடுப்பு முழுக்க வெறும் சீமெந்துத் தரையில் குவியலாகக் கிடக்கிறது, அதற்கு மேலால் யாரோ செருப்புக் காலோடு நடந்தும் போயிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. குவியலைக் கிளறினால் உள்ளே ஒரு சிவப்புச் சாரம், எங்கள் வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாத சாரம். என்ரை மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ நிற்பாட்டித் திறந்து இதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு சட்டையும் றோஸ் கலர். காலமை ஏழு மணிக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஆன்ரியிடம் போய்க் கேட்டேன். "ஏன் பிள்ளை, தண்ணி சும்மா ஓடுது, இடமும் கிடந்தது, ஒரு சாரம் தானே, அதுக்கு நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்?" என்றார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

ஒரே கேற், ஒரே கிணறு, ஒரே மீட்டர். முகத்தை முறித்துக்கொண்டு இருக்கவும் முடியாது. இப்படிப் பங்கில் மெசின் பாவித்தவர்கள் என்ன செய்தீர்கள்? சட்டைக்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.


மெசின் திருத்திறவன்:

அக்கா, முதலில் சட்டை. அதைக் கொடியில் போட்டுக் காயவைத்துவிட்டீர்களா? காய்ந்தால் சாயம் இறுகிவிடும். இன்னும் ஈரமென்றால் உடனே தனியாக இன்னொரு தரம் தோயுங்கள். பருத்தி என்றால் வெள்ளைத் துணிக்கான ப்ளீச்சைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊறப்போடலாம், போத்தலில் உள்ள அளவுக்கு மேல் வேண்டாம். நீலம் போட்டுப் பார்க்காதீர்கள், நீலம் மஞ்சளைத்தான் மறைக்கும், றோஸுக்கு மேலே போட்டால் ஊதா மாதிரி ஒரு நிறம் வரும், என் மனுசி செய்து பார்த்தது.

இனி மெசின். நம்முடைய ஊர் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் அதற்குள்ளால்தான் வருகிறது, அதனால் கல்சியம் கூடின கடினத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான்தான் மெசினுக்குள்ளும் படிகிறது. கடினத் தண்ணீரில் நுரை குறைவாக வரும். நுரை வரவில்லையே என்று ஆன்ரி இன்னும் கொட்டுவார். கொட்டின தூள் கரையாமல் கல்லோடும் நூலோடும் சேர்ந்து டிரம்முக்கு வெளிப்பக்கத்தில் பசை மாதிரிப் பிடிக்கும், பிறகு எல்லாருடைய உடுப்பிலும் ஊத்தை மணம். ஆன்ரியிடம் "குறைத்துப் போடுங்கோ" என்று சொன்னால் கேட்க மாட்டார். தூளை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்லுங்கள். கரைக்கிற பஞ்சியிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

மாதம் ஒருமுறை டிரம்மில் உடுப்பில்லாமல் வினாகிரி விட்டு ஓடவிடலாம். ஆனால் வினாகிரியும் ப்ளீச்சும் ஒரே நாளில் உள்ளே போகக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடின விறாந்தையில் அது விளையாட்டில்லை. தண்ணீர் உள்ளே வரும் குழாய், மெசினில் பூட்டுகிற இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். பைப்பை மூடிவிட்டுக் கழற்றிக் கழுவுங்கள். கிணற்று மண் அடைத்துத்தான் பாதி மெசின்கள் "தண்ணி எடுக்குதில்லை" என்று என்னிடம் வருகின்றன. போன கிழமை ஒன்றில் வலை முழுக்கச் செம்மண், களிமண் உருண்டை மாதிரி வந்தது.


ஈரச்சாரம்:

அக்கா கோபிக்கக் கூடாது. நான் கொக்குவிலில் ஒரு போர்டிங்கில் இருக்கிறேன், மற்ற ஆளின் உடுப்பை வெளியே எடுத்து வைக்கிற அந்தப் பக்கத்து ஆள் நான்தான். சாரத்தை இடையில் போட்டது பெரிய பிழை, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், மெசின் முடிந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு கீழே இறங்கினீர்கள்?

எங்கள் போர்டிங்கில் ஒரு அண்ணை இருக்கிறார். காலமை 8 மணிக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார், பின்னேரம் வந்துதான் எடுப்பார். அவ்வளவு நேரமும் அந்தப் பூட்டின பெட்டிக்குள் ஈர உடுப்பு அவிந்துகொண்டு கிடக்கும். நாங்கள் ஏழு பேர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எடுத்து வைத்தால் "என்ரை உடுப்பில கை வைச்சது ஆர்?" என்று சத்தம். இப்போது நான் கதவைத் தட்டுவேன், இல்லையென்றால் கோல் எடுப்பேன், பத்து நிமிடம் பார்ப்பேன், அதற்குப் பிறகு எடுத்து மேசையில் வைப்பேன். தரையில் இல்லை. தரையில் போடுகிறவன் மனுசனில்லை என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.


பழைய கோண்டாவிலான்:

பிள்ளை, இது புதுப் பிரச்சினை இல்லை. மெசினை எடுத்துவிட்டுக் கிணற்றை வைத்துப் பார்.

எங்கள் காணி உறுதியில் "கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று எழுதியிருக்கிறது. நாலு வீட்டுக்கு ஒரு கிணறு. துலாக் காலத்திலும் சரி, பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்த காலத்திலும் சரி, தோட்டத்துக்கு இறைக்க முறை இருந்தது. திங்கள் எங்களுக்கு, செவ்வாய் சித்தப்பாவுக்கு, அப்படியே போகும். முறைநாளில் உன்னால் இறைக்க முடியாவிட்டால் முதல்நாளே சொல்லி மற்றவனோடு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது போனதுதான். அப்பாவும் சித்தப்பாவும் எல்லை வேலிக்காகப் பதினொரு வருடம் கதைக்காமல் இருந்தவர்கள், ஆனால் முறை ஒரு நாளும் பிசகினதில்லை. கதைக்காமலே தண்ணீர் எடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் கிழமைக்கு ஏழு நாள் இருக்கிறது, ஆட்கள் மூன்று வீடு. ஆளுக்கு இரண்டு நாள், மிச்சம் ஒரு நாள் பொது. மழை வந்தால் முறை தள்ளிப் போகாது, அதை முதலே கதைத்துவிட வேண்டும். சண்டை வருவது அந்த இடத்தில்தான். நல்ல முகத்தோடு கேட்டால்தான் நடக்கும் என்று நினைக்காதே, கலண்டரில் எழுதி மெசினுக்கு மேலே தொங்கவிடு.

உடுப்பைத் தரையில் போடாமல் இருக்க ஒரு கடகம் வாங்கி வை. 90களில் கறன்டும் இல்லை, சவுக்காரத்துக்கும் தட்டுப்பாடு, கிணற்றடியில் கல்லில் தோய்த்துக் கடகத்தில் அள்ளிக்கொண்டு போனோம், ஒன்றும் குறையவில்லை.


மெசின் திருத்திறவன்:

ஐயா, முறை சரி, கடகம் வேண்டாம். இப்போது சந்தையில் விற்பது சாய ஓலை போட்டுப் பின்னினது, ஈரம் பட்டால் அதுவும் சாயம் விடும். அக்காவுக்கு றோஸ் காணும், பச்சையும் சேர வேண்டாம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாஸ்கெற் ஒன்று வையுங்கள்.


பழைய கோண்டாவிலான்:

சாயமில்லாத கடகம் இன்னும் இருக்கிறது தம்பி. கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.


மீட்டர் பார்ப்பவள்:

யாரும் கறன்ட் பில்லைப் பற்றிக் கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் சண்டை முற்றினது அதில்தான். ஒரே மீட்டர் என்றால் மூன்று வீட்டு யூனிட்டும் ஒன்றாகக் கூடி ஏறும், மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் ஆகக்கூடின விலைப் படிக்குப் போய்விடும். தனித்தனி மீட்டராக இருந்தால் மூன்று வீடும் கீழ்ப்படியில் நின்றிருக்கும். அந்தக் கோபத்தை எல்லாரும் மெசினில் காட்டுவார்கள், ஏனென்றால் சத்தம் போடுவது அதுதான். உண்மையில் சுடுதண்ணீர் இல்லாத டொப் லோட் ஒரு தரம் ஓட ஒரு யூனிட்டே போகாது. அயனும் பழைய பிரிட்ஜும்தான் தின்னும். தண்ணீர்தான் கூடப் போகும், ஒரு தரத்துக்கு 100 லீற்றருக்கு மேல், தாங்கியை நிரப்ப மோட்டர் ஓட வேண்டும். ஆன்ரி "தண்ணி சும்மா ஓடுது" என்றது முழுப் பொய் இல்லை தங்கச்சி. ஒரு சட்டைக்காக மெசினைப் போடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரரோடு வட்ஸ்அப்பில் கதைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் உள்மீட்டர் போட்டுத் தரக் கேளுங்கள். கேட்கும்போது மெசின் கதையை எடுக்காதீர்கள். எடுத்தால் "அப்ப மெசினை வித்துப்போட்டு அவரவர் வாங்குங்கோ" என்பார். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னார், சொன்னபடி செய்தும் விட்டார்.


ஈரச்சாரம்:

மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லி இன்னும் ஒருவரும் எழுதவில்லை, ஆச்சரியம்.


மேல்மாடிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

சட்டை ஒன்று முழுக்க வெளுத்துவிட்டது. மற்றதில் கொலர் மடிப்புக்குள் கொஞ்சம் றோஸ் நிற்கிறது, மகள் அதைத்தான் விரும்பிப் போடுகிறாள், வகுப்பில் காட்டுகிறாளாம்.

ஈரச்சாரம் தம்பி, உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் நித்திரையாகிவிட்டேன். மெசின் முடிந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். இப்போது போனில் அலாரம் வைக்கிறேன். சாரம் பெடியளுடையதும் இல்லை, ஆன்ரியின் மருமகன் வவுனியாவிலிருந்து வந்து நின்றவராம், அவருடையது. மழையில் நனைந்து வந்தவருக்கு மாற்றுச் சாரம் இல்லையாம். அதைக் கேட்ட பிறகும் எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் கொஞ்சம் குறைந்தது.

ஐயா சொன்ன மாதிரிக் கலண்டர் தொங்கவிட்டேன். திங்கள், வியாழன் கீழ்வீடு, செவ்வாய், சனி நாங்கள், புதன், வெள்ளி பெடியள், ஞாயிறு பொது. பெடியள் உடனே ஓம் என்றார்கள், தங்கள் நாளில் ஒரு தரமும் அவர்கள் தோய்த்ததாகத் தெரியவில்லை. ஆன்ரி கலண்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் கதைக்கவில்லை, மூன்று நாள் என்னோடும் கதைக்கவில்லை, ஆனால் வியாழக்கிழமை சரியாக வியாழக்கிழமை தோய்த்தார். தூளை வாளியில் கரைப்பதையும் மேலே இருந்து கண்டேன்.

பிளாஸ்டிக் பாஸ்கெற் ஒன்று வாங்கி மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன். நேற்று அதைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் கீழ்வீட்டுக் குசினி வாசலில் இருக்கிறது, உள்ளே முருங்கைக்காய். நான் பார்க்கிறதை ஆன்ரி கண்டுவிட்டு, "உனக்கும் கொஞ்சம் எடன் பிள்ளை" என்று நாலு காய் தந்தார். பாஸ்கெற்றைத் தரவில்லை.