புதுப்பிப்பு: 1889 கிரவுன் நாணயம் போலிதான்

போன மாதம் இணையத்தில் வாங்கிய விக்டோரியா கால வெள்ளிக் கிரவுன் (பழைய பிரிட்டிஷ் ஐந்து ஷில்லிங் நாணயம்) அசல்தானா என்று இங்கே கேட்டிருந்தேன். எடை போடச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போட்டேன். 24.61 கிராம்தான் வந்தது. இருக்க வேண்டியது 28.28. எவ்வளவு தேய்ந்தாலும் மூன்றரை கிராம் குறையாது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுவதும் தெரிந்தது. இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த தடம் அது, அசலில் இருக்காது. உலோகத்தை உருக்கி வார்த்துச் செய்த போலி. விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

சரி, அதோடு விட மனசு வரவில்லை. அதே 1889 கிரவுன் ஒன்றை நாணயக் கண்காட்சியில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கினேன். 27.98 கிராம். நூலில் கட்டி, தராசு மேல் வைத்த தண்ணீர்க் குவளைக்குள் தொங்கவிட்டபோது எண் 2.70 கூடியது, அதாவது நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி 10.36, அசல் கிரவுனில் இருக்கும் 92.5 சதவீத வெள்ளிக்குச் சரியாக இருக்கிறது.

பின்பக்கம் டிராகனோடு போரிடும் புனித ஜார்ஜ், நாணயச் சிற்பி பிஸ்ட்ரூச்சி வடித்தது. குதிரையின் கழுத்துத் தசைகூட இன்னும் தெளிவாக நிற்கிறது. ராணியின் முக்காட்டு மடிப்புகளில் கருநீலமாகக் கருமை படிந்திருக்கிறது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லாதீர்கள், நூறு வருடத்துக்கு மேல் தானாக வந்த நிறம் அது. அடுத்து 1797-இன் பிரிட்டிஷ் இரண்டு பென்னி செம்பு நாணயத்தைத் தேடுகிறேன். ஒன்றே இரண்டு அவுன்ஸ் எடை! நல்ல நிலையில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.