கடல் வாசலில், மணல் கொழும்பிலிருந்து

உப்புவெளிக்காரன்:

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு 5 நிமிட நடை. அப்படியிருக்க கடல்மீன் தொட்டிக்கு மணலைக் காசு கொடுத்து வாங்குவதா என்று ஒரு வீம்பு. தொட்டி 3 அடி நீளம், 1½ அடி அகலம். இரண்டு வாளி அள்ளி வந்து, தண்ணீர் தெளியும் வரை கழுவிப் பரப்பினேன். பழுப்பும் வெள்ளையும், இடையிடையே கறுப்புக் கோடுமாக அழகாகத்தான் இருந்தது.

அந்தக் கறுப்பை நான் யோசிக்கவில்லை. மூன்றாம் கிழமை கண்ணாடிப் பாசியைக் காந்தத் துடைப்பானால் வழித்தேன். அது இரண்டு துண்டு, ஒன்று கண்ணாடிக்கு வெளியே, ஒன்று உள்ளே. உள்ளே இருக்கும் துண்டு மணலுக்குக் கிட்டப் போனதும் அதன் ஓரமெல்லாம் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி மணல் ஒட்டி நின்றது. கவனிக்காமல் மேலே இழுத்தேன். சர்ர் என்று ஒரு சத்தம். முன்கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். இன்றைக்கும் லைட் போட்டால் மீனுக்கு முன்னால் அதுதான் தெரியும்.

புல்மோட்டையில் அள்ளுகிறார்களே இல்மனைட், அந்தச் சாதி மணல்தான். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். சாதாரண காந்தத்துக்கு லேசில் அசையாது, துடைப்பானில் இருக்கிற பலமான காந்தத்துக்கு ஓடி வரும். பம்பின் ரோட்டரும் காந்தம்தான், அதையும் மறக்க வேண்டாம்.

மிச்ச மணலில் ஒரு கரண்டி எடுத்து வினாகிரி ஊற்றிப் பார்த்தேன். சிப்பித் துண்டுகள் நுரைத்தன, மற்றதெல்லாம் சும்மா கிடந்தது. குவார்ட்ஸ். அது மீனுக்குக் கெடுதல் இல்லை, பழுப்புப் பாசி அதனால்தான் வருகிறது என்ற கதையையும் நான் நம்பவில்லை. பிறகு அரகனைட் என்ற சுண்ணாம்பு மணல் போட்டபோதும் முதல் மாதம் அதே பழுப்புப் பாசி வந்து தானாகப் போனது.

அரகனைட் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. ஒன்றரை அங்குல உயரத்துக்கு 24 கிலோ பிடித்தது. கடல் வாசலில் இருக்க, மணல் மூட்டை கொழும்பிலிருந்து வருகிறது என்று பஸ் கண்டக்டரே சிரித்தார். "இதைப் போட்டால் பிஎச் 8.2 இலேயே நிற்கும்" என்று விற்றவர் சொன்னார். அப்படி இல்லை. பிஎச் 8க்குக் கீழே நன்றாக இறங்கினால்தான் அது கரையவே தொடங்கும். தண்ணீர் மாற்றுகிற வேலை நமக்கு அப்படியேதான் இருக்கிறது.

மட்டிக்களி அக்கா:

தம்பி, எனக்கு எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை. நான் போட்டது பொடித்த முருகைக்கல், 4, 5 மில்லிமீட்டர் துண்டுகள். போடுகிற தீனியில் பாதி அந்த இடுக்குகளுக்குள் போய்விடும். மேலே பளிச்சென்று இருக்கும், சைபன் வைத்தால் பிளேன்ட்டி நிறத்தில் வரும். அழுக்கிலிருந்து தண்ணீரில் சேரும் நைத்திரேற்று இறங்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்திரத்தில் முழுவதையும் கிளறிக் கழுவிவிட்டேன். அதுதான் பிழை. மணலில் குடியிருந்த பக்டீரியாவில் ஒரு பங்கு அதோடு போயிருக்கும், அடியில் கிடந்த அழுக்கும் தண்ணீரில் கலந்தது. இரண்டு நாளில் அமோனியா ஏறி, கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து மூச்சு வாங்கின. பாதித் தண்ணீரை மாற்றித்தான் காப்பாற்றினேன். இப்போது மெல்லிய மணல்தான். கிழமைக்குக் கால்வாசி இடம் மட்டும் சைபன். மற்றதை நசாரியஸ் நத்தைகள் பார்த்துக்கொள்ளும். தீனி வாசம் பட்டதும் மணலுக்குள்ளிருந்து தும்பிக்கை மாதிரி ஒன்றை நீட்டிக்கொண்டு எழும்பும். மகன் அதைப் பார்ப்பதற்காகவே தீனி போடுகிறான்.

இன்னொன்று. நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாமலைத் தீவின் கரையெல்லாம் செத்த முருகைக்கல் குவிந்து கிடக்கிறதே, அதைப் பொறுக்கி வந்தால் என்ன என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா. ஒரு துண்டும் எடுக்கக் கூடாது.

கிண்ணியா:

நான் போட்டது 5 அங்குலம். ஆழ மணல் என்றால் அடியில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் இருக்கிற பக்டீரியா நைத்திரேற்றை வாயுவாக்கி வெளியே விட்டுவிடும் என்று வாசித்துவிட்டுப் போட்டேன். பொய் சொல்லக் கூடாது, 2 வருடம் அருமையாக ஓடியது.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாள். பம்ப் நின்றுபோனது. இரவு மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மீனை வலையால் பிடித்து வாளிக்கு மாற்றலாம் என்று பெரிய கல்லைத் தூக்கினேன். கல்லுக்கு அடியில் மணல் மை மாதிரிக் கறுத்திருந்தது. கண்டல் சேற்றில் கால் புதைந்தால் ஒரு நாற்றம் வருமே, முட்டை அழுகின மாதிரி, அது வீடு முழுக்க. வாப்பா அடுத்த அறையிலிருந்து "என்ன மகன், இறாலை வெளியில வெச்சிட்டியா?" என்று கேட்டார். ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு. விடியும்போது டாம்சல் மீன் இரண்டும் செத்துக் கிடந்தன.

இப்போது ஒரு அங்குலம்தான். கல்லை முதலில் கண்ணாடித் தளத்தில் உறுதியாக இருத்திவிட்டு, அப்புறம்தான் சுற்றிவர மணல். கோபி மீன் தோண்டினாலும் கல் சாயாது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது.

நானா, ஒரு கேள்வி. கடல் தண்ணீரும் கரையிலிருந்துதான் எடுக்கிறீங்களா? மாரி மழைக்கு மகாவலி பெருகினால் கொட்டியாற்றுக் குடாத் தண்ணீரில் உப்பு நல்லாக் குறைந்துவிடும். எங்கள் பக்கம் அளக்காமல் ஊற்றவே முடியாது.

உப்புவெளிக்காரன்:

அளந்துதான் எடுக்கிறேன் தம்பி. உப்பு அளக்கிற அடர்த்திமானி 1.025 காட்டினால் கொண்டு வருவேன், மார்கழியில் பேசாமல் உப்புப் பக்கெட் வாங்கிக் கரைப்பேன்.

பழைய மணல் இன்னும் கொல்லையில் வாளியோடு இருக்கிறது. மகள் அந்தத் துடைப்பானின் காந்தத்தைக் கழற்றி எடுத்துக் கறுப்பை மட்டும் பிரித்து ஒரு ஜாம் போத்தலில் சேர்க்கிறாள். கால் போத்தல் ஆகிவிட்டது. தூக்கிப் பார்த்தால் அந்த அளவுக்குச் சரியான பாரம்.