டிவி காயில் செம்பா, அலுமினியமா? குஜரிக் கடையில் (பழைய சாமான் கடையில்) காப்பர் ரேட் தர மறுக்கிறார்கள்

அல்சூர்_செல்வா
வணக்கம், அவசரம். மாமாவின் பழைய ரிப்பேர் கடையைக் காலி செய்கிறோம். காயில், ஒயர் எல்லாவற்றையும் பிரித்து ஒரே சாக்கில் கட்டி பெங்களூரு ஜாலி மொஹல்லா குஜரிக் கடைகளுக்குக் கொண்டுபோனேன். நிறத்தைப் பார்த்தால் நல்ல செம்பு. கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டியது. அப்புறம் ஒரு காயிலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, எல்லாம் கலப்பு, அலுமினியம் ரேட்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கடையிலும் அதே பதில். ஏமாற்றுகிறார்களா? வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? மாதக் கடைசிக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

சால்டர்_சங்கர்
எந்தக் காயில் என்று சொல்லுங்கள். பிக்சர் ட்யூபைச் சுற்றி ஓடும் பெரிய வளையமா, ட்யூப் கழுத்தில் இருக்கும் யோக்கா, டிரான்ஸ்பார்மரா? ஒயர் என்றால் கேபிள் டிவி ஒயரா, மெயின்ஸ் ஒயரா? காந்தம் எதில் ஒட்டியது? கத்தி பட்ட இடத்தில் உள்ளே என்ன நிறம்?

பேட்டை_ரவி
ஏமாற்றுவேலைதான் சார், சந்தேகமே வேண்டாம். சாக்கோடு கொண்டுபோனால் அவசரத்தில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். முதலில் வீட்டில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை தராசில்தான் பெரிய ஓட்டை. உலோகம் என்னவாக இருந்தாலும் எடையில் கை வைத்துவிடுவார்கள்.

நிலா_எலக்ட்ரிகல்ஸ்
ரவி சார், அவர் கேட்டது எடையை அல்ல, உலோகத்தை. ரெண்டு கடையில் ஒரே பதில் வந்தால் பொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செல்வா சார், எத்தனை கிலோ இருக்கும்? ஒரு போட்டோ போட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மூர்த்தி_62
இந்த இழையில் அடிப்படையே தெரியாமல் ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். நான் சாலிட் ஸ்டேட் டிவி வந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். காந்தம் செம்பிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. ஆகவே காந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஒட்டியது என்றால் மூன்றாவதாக ஏதோ சாக்கில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். எட்டாம் வகுப்புப் பாடம் இது. யோக் காயிலைக் கழற்றினீர்களா, உடைத்தீர்களா? உடைத்திருந்தால் ஃபெரைட் துண்டுகள் காயிலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்பாக, ஓட்டாஞ்சில்லு போல உடையும் பொருள் அது. அதில் காந்தம் நன்றாக ஒட்டும்.

கம்பி_ராஜா
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? ஒரு இழையை லைட்டரில் காட்டுங்கள். செம்பு என்றால் சிவந்து நிற்கும். அலுமினியம் துவண்டு உருகிவிடும். செம்பு உருக 1085 டிகிரி, அலுமினியத்துக்கு 660 போதும். அப்படியே மொத்தத்தையும் மொட்டை மாடியில் போட்டுக் கொளுத்தினால் மேல்தோலும் போய்விடும், விலையும் ஏறும்.

நிலா_எலக்ட்ரிகல்ஸ்
ஒரு இழையை லைட்டரில் காட்டுவது சரி, அதுவும் ஜன்னல் பக்கம். மொத்தமாகக் கொளுத்தச் சொல்வது பெரிய தப்பு. ஒயரின் மேல்தோல் பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும், டையாக்ஸின் என்னும் கொடிய நச்சும் உருவாகும். செம்பு கூடவே இருந்தால் டையாக்ஸின் இன்னும் அதிகமாகும், செம்பே அந்த வினைக்குத் துணைபோகிறது. அல்சூரில் மாடிக்கு மாடி துணி காய்கிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

விலை ஏறும் என்பதும் இல்லை. எரித்த செம்பு கறுத்துப்போகும், தோல் சீவிய பளபளக்கும் செம்புக்குக் கீழே ஒரு தரம் இறக்கித்தான் எடுப்பார்கள்.

கம்பி_ராஜா
எல்லா குஜரியிலும் இதுதான் நடக்கிறது மேடம். நாம் எரிக்காவிட்டால் அவர்கள் எரிப்பார்கள்.

நிலா_எலக்ட்ரிகல்ஸ்
அவர்கள் எரிக்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன். கையால் சீவ நேரமில்லை என்றால் தோலோடு விற்கட்டும், அதற்கும் தனி ரேட் உண்டு. கனமான மெயின்ஸ் ஒயரை மட்டும் பிளேடால் நீளவாக்கில் கீறினால் தோல் கையோடு வந்துவிடும்.

அல்சூர்_செல்வா
எல்லாம் பழைய பெட்டி டிவி. கறுப்பு டேப் சுற்றிய பெரிய வளையங்கள் நிறைய, கழுத்துக் காயில்கள் கொஞ்சம், கேபிள் ஒயர், ஸ்பீக்கர் ஒயர், எல்லாம் ஒன்றாக இருக்கிறது. கழுத்துக் காயிலைச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தோம். ட்யூப்கள் கடையில் அப்படியே இருக்கின்றன. ஒரு சாக்கு சர்க்யூட் போர்டும் இருக்கிறது. போர்டிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று மைத்துனர் சொல்கிறார், உண்மையா? போட்டோ இரவு போடுகிறேன்.

சால்டர்_சங்கர்
இப்போது புரிகிறது. உங்கள் சாக்கில் குறைந்தது நாலு வகை இருக்கிறது. கடைக்காரர் எதை எடுத்தாரோ அதன் விலையை மொத்தத்துக்கும் சொல்லிவிட்டார்.

கறுப்பு டேப் வளையம் டீகாஸ் காயில். ட்யூபில் படியும் காந்தத்தன்மையைப் போக்க, டிவியை ஆன் செய்யும் கணத்தில் மட்டும் அதில் கரண்ட் ஓடும். அப்புறம் பக்கத்தில் இருக்கும் தெர்மிஸ்டர் சூடாகி அதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ஓரிரு வினாடி வேலைக்குச் செம்பு எதற்கு என்று பல கம்பெனிகள் அலுமினியத்திலேயே சுற்றின. மேலே எனாமல் பூச்சு செம்பு நிறத்தில் இருக்கும், அதனால்தான் கண் ஏமாறுகிறது. பழைய மாடல்களில் செம்பு வளையமும் உண்டு, எனவே ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். யோக் அப்படி இல்லை. டிவி ஓடும் நேரம் முழுக்க வேலை செய்யும், அது பெரும்பாலும் நல்ல செம்பு. ஃபெரைட்டை மட்டும் சுத்தமாக நீக்கிவிடுங்கள்.

கேபிள் டிவி ஒயரின் நடுக்கம்பி பலவற்றில் இரும்புதான், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. அதிலும் காந்தம் ஒட்டும். மலிவு ஸ்பீக்கர் ஒயரில் அலுமினியத்தின் மேல் செம்புத் தோல். அந்த இரண்டையும் செம்பில் கலந்தால் செம்பின் விலையையும் சேர்த்து இறக்கிவிடும்.

சோதனைக்கு சைடு கட்டர் போதும். கம்பியைச் சாய்வாக வெட்டி, வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். முழுக்கச் சிவப்பு என்றால் செம்பு. நடுவில் வெள்ளை, சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் என்றால் பூச்சுக் கம்பி. முழுக்க வெள்ளை என்றால் அலுமினியம். மேலே சுரண்டுவதைவிட வெட்டிப் பார்ப்பது நல்லது. சுரண்டும்போது பூச்சுக் கம்பியும் செம்பு மாதிரியே தெரியும்.

மூர்த்தி_62
இன்னும் எளிது, எனாமலைச் சுரண்டிவிட்டு ஈயம் வைத்துப் பார்ப்பது. செம்பில் சட்டென்று பிடித்துப் பரவும். அலுமினியத்தில் உருண்டு விழுந்துவிடும். ரிப்பேர் கடைக்காரர் வீட்டில் சால்டரிங் அயர்ன் இல்லாமலா இருக்கும்?

சால்டர்_சங்கர்
சார், பூச்சுக் கம்பியிலும் ஈயம் பிடிக்கும், மேலே இருப்பது செம்புதானே. சுத்த அலுமினியத்தை ஒதுக்க உங்கள் சோதனை சரி. பூச்சுக் கம்பியைப் பிடிக்க வெட்டுமுகம்தான் வழி.

மூர்த்தி_62
அது எனக்குத் தெரியாதா? டீகாஸ் காயிலைப் பற்றித்தான் சொன்னேன். கேள்வியைச் சரியாகப் படித்துவிட்டுத் திருத்துங்கள்.

ஐஐஎஸ்சி_கேட்
கண் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு வழி. சமையல் தராசில் 180 கிராம் கம்பியை நிறுத்து எடுங்கள். டேப்பை உரித்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, அளவுக் கோப்பைத் தண்ணீரில் முழுக்குங்கள், குமிழி போகும்வரை கலக்குங்கள். தண்ணீர் 20 மில்லி ஏறினால் செம்பு. 67 மில்லி ஏறினால் அலுமினியம். செம்புத் தோல் போட்ட அலுமினியம் 50 மில்லிக்குப் பக்கத்தில் வரும். எனாமலால் ஒன்றிரண்டு மில்லி முன்னே பின்னே இருக்கும், ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று குழம்ப வழியே இல்லை.

கம்பி_ராஜா
போர்டு விஷயத்துக்கு வருவோம். தங்கம் நிச்சயம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் எல்லாம் பழைய எலக்ட்ரானிக்ஸிலிருந்து எடுத்த உலோகத்தில்தான் செய்தார்கள். நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டால் தங்கம் தனியாக வந்துவிடும். சும்மா சாக்கு விலைக்குக் கொடுக்காதீர்கள்.

மூர்த்தி_62
அரைகுறையாகக் கேட்டதை இங்கே வந்து கொட்டாதீர்கள் தம்பி. நைட்ரிக் அமிலம் தங்கத்தைத் தொடாது. அடியில் இருக்கும் செம்பையும் நிக்கலையும் கரைக்கும், தங்கத் தாள் பிரிந்து மிதக்கும், அவ்வளவுதான். தங்கத்தையே கரைக்க ராஜதிராவகம் வேண்டும், ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு. இதெல்லாம் பால்கனியில் செய்கிற வேலையா?

டோக்கியோ கணக்கையும் முழுதாகச் சொல்லுங்கள். 78,985 டன் சிறிய சாதனங்கள், கூடவே 62 லட்சம் செல்போன்கள். நாடு முழுவதும் திரட்டிக் கிடைத்த தங்கம் 32 கிலோ. டன்னுக்கு அரை கிராம்கூட இல்லை. இவரிடம் இருப்பது ஒரு சாக்கு டிவி போர்டு.

கம்பி_ராஜா
செல்போன், கம்ப்யூட்டர் போர்டில் அதைவிட அதிகம் இருக்கும். பெரிய கம்பெனிகள் லாபம் இல்லாமலா செய்கின்றன?

ஐஐஎஸ்சி_கேட்
அதிகம் இருப்பது உண்மை. ரேம், பழைய பிராசசர், சர்வர் கார்டு இவற்றுக்குத் தனி மவுசு. கார்டின் விளிம்பில் மஞ்சளாகத் தெரியும் விரல்களில் தங்கப் பூச்சு முக்கால் மைக்ரான் அளவு. மற்ற இடங்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டிவி போர்டோ பழுப்பு நிறக் காகித போர்டு, ஒரு பக்கம் மட்டும் செம்புத் தடம். அதில் தங்கம் தேடுவது வீண்.

ராஜா, நைட்ரிக் அமிலம் செம்பில் பட்டதும் பழுப்பு நிறத்தில் ஒரு புகை வருமே, நைட்ரஜன் டையாக்சைடு, அதை நினைத்தால்தான் எனக்குப் பயம். சுவாசித்த உடனே லேசான இருமலோடு நின்றுவிடும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆள் நன்றாக இருக்கிறேன் என்று தூங்கப்போய்விடுவார். மைத்துனரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள் செல்வா.

பேட்டை_ரவி
கௌரிபாள்யா பக்கம் சந்துக்குள் இந்த வேலையைச் செய்கிறவர்கள் இருந்தார்கள். கையெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கும். மீதி அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுவார்கள். தராசைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் இந்த விஷயத்தில் மூர்த்தி சார் பக்கம்தான் நானும்.

நிலா_எலக்ட்ரிகல்ஸ்
டிவி போர்டில் காசு எங்கே என்று கேட்டால், ஹீட்சிங்க்கில், அதாவது சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகட்டில். ஸ்க்ரூவைக் கழற்றினால் நல்ல அலுமினியம், ஐந்து நிமிட வேலை. பவர் சப்ளையில் இருக்கும் சின்ன சாப்பர் டிரான்ஸ்பார்மரில் கொஞ்சம் செம்பு உண்டு. ஈஎச்டியை (ட்யூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்பார்மர்) உடைக்காதீர்கள், முழுக்க எப்பாக்ஸி ஊற்றி இறுக்கியிருப்பார்கள், உள்ளே கிடைக்கும் செம்புக்கு அந்த உழைப்பு தகாது. மீதியை போர்டாகவே விற்றுவிடுங்கள்.

சால்டர்_சங்கர்
ட்யூபை யாரும் இன்னும் பேசவில்லை. செல்வா, அவற்றை உடைக்கவே விடாதீர்கள். குஜரிக்காரர்கள் கழுத்தைத் தட்டி உடைத்துவிட்டுக் கண்ணாடியை அங்கேயே போட்டுப் போவார்கள். கலர் ட்யூபின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு, திரையின் உள்பக்கம் பாஸ்பர் தூள். உள்ளே வெற்றிடம் வேறு, தவறாக அடித்தால் சில்லு தெறிக்கும். ஆனோடு தொப்பி (ட்யூபின் பின்பக்கம் உயர் வோல்டேஜ் ஒயர் சேரும் ரப்பர் மூடி) கழற்றாத ட்யூப் ஏதாவது இருந்தால் கை வைக்காதீர்கள், பல நாள் கழித்தும் சார்ஜ் மிச்சமிருக்கும். கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. தொபஸ்பேட்டையில் ஈ-பரிசரா 2005இலிருந்து இயங்குகிறது. போன் செய்து ட்யூப் எடுப்பீர்களா, வண்டி அனுப்புவீர்களா என்று கேளுங்கள். கட்டணம் கேட்டாலும் கேட்பார்கள், ட்யூபில் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

பேட்டை_ரவி
காசு கொடுத்துக் குப்பை போடச் சொல்கிறீர்கள். கடையைக் காலி செய்கிறவர் எங்கே போவார்?

சால்டர்_சங்கர்
செம்பில் வரும் காசில் ஒரு சின்னப் பங்கு ரவி சார். ஈயக் கண்ணாடியை அல்சூர்த் தெருவில் கொட்டினால் அது அங்கேயேதான் இருக்கும்.

அல்சூர்_செல்வா
எல்லோருக்கும் நன்றி. டேப் வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவை உள்ளே வெள்ளை, ரெண்டு மூன்று மட்டும் சிவப்பு. யோக் எல்லாம் செம்பு, கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்த பிறகு காந்தம் ஒட்டவில்லை. தனித்தனிச் சாக்கில் போட்டு அதே கடைக்குக் கொண்டுபோனேன், யோக்குக்குக் காப்பர் ரேட்டே கொடுத்தார். மைத்துனரிடம் புகை விஷயம் சொல்லிவிட்டேன். ட்யூபுக்குப் போன் செய்திருக்கிறேன், திங்கட்கிழமை பதில் சொல்வார்கள்.

ஸ்ரீராம்புரம்_தினேஷ்
இதிலேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் பழைய இன்வெர்ட்டர் ரெண்டு இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் செம்பு என்று வாங்கும்போது சொன்னார்கள். வெளியே வரும் ஒயர் செம்புதான், பார்த்துவிட்டேன். கிலோ கணக்கில் வரும், நம்பி உடைக்கலாமா?

சால்டர்_சங்கர்
வெளியே வரும் ஒயரை வைத்து முடிவு செய்யாதீர்கள் தினேஷ். உள்ளே அலுமினியத்தில் சுற்றிவிட்டு, முனையில் மட்டும் செம்பு ஒயரைக் கிரிம்ப் செய்து (நசுக்கி இணைத்து) வெளியே விடுவது வழக்கம். ஸ்லீவைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், இணைப்பு தெரியும். அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் சுற்றைச் சுரண்டுங்கள். பாட்டரியைப் பிரிக்கவே வேண்டாம், அப்படியே டீலரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். எந்த மாடல், எத்தனை விஏ?