'தடுப்பான்' என்ற ஒரே சொல் போதுமா? இரத்த அழுத்த மருந்துகளின் வகைப்பெயர்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் வீடுவீடாக அழுத்த மாத்திரை கொடுத்துவரும் பணியாளர்களுக்காக நாம் எழுதும் கையேட்டில், செயல்முறையால் வேறுபட்ட நான்கு மருந்து வகைகளும் 'தடுப்பான்' என்றே முடிகின்றன. மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை வகைப்பெயரே காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

அம்லோடிபினை எடுத்துக்கொள்வோம். வரைவில் உள்ள 'கால்சியம் தடுப்பான்' என்ற பெயரைப் படிப்பவர், மூட்டுவலிக்குத் தாம் விழுங்கும் கால்சியம் மாத்திரையை இது வீணாக்கிவிடும் என்றே எண்ணுவார். உண்மையில் இம்மருந்து, இரத்தக் குழாய்ச் சுவரின் தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழையும் வழியை மட்டும் மறிக்கிறது. கால்சியம் உள்ளே போகாவிட்டால் தசை இறுகாது, குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். ஐயா ஒருவர் முன்மொழிந்த 'அடைப்பான்' இன்னும் ஆபத்தானது: 'அடைப்பு' என்றாலே நம்மூரில் மாரடைப்புதான் நினைவுக்கு வரும். திறந்து மூடும் அந்த நுழைவழிக்கு 'மடை' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். கண்மாயிலும் உப்பளப் பாத்தியிலும் மடை திறந்து பழகியவர்களுக்குக் 'கால்சிய மடைமறிப்பி' என்ற பெயரை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

இப்பெயரால் இன்னொரு பயனும் உண்டு. அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மாலை வரை மறையாமல் இருக்கும். சிறு தமனிகள் விரிந்த அளவுக்குச் சிரைகள் விரியாததால் தந்துகிகளில் அழுத்தம் கூடி நீர் கசிவதே இதற்குக் காரணம் என்பதால், நீர் மாத்திரையைச் சேர்த்தால் இவ்வீக்கம் பெரும்பாலும் வடிவதில்லை. மருந்து குழாயில் வேலை செய்கிறது என்று பெயரிலேயே தெரிந்தால், பணியாளர் இதைச் சிறுநீரகக் கோளாறு என்று சொல்லிப் பயமுறுத்தாமல் மருத்துவரிடம் அனுப்புவார்.

அடுத்து எனலாப்ரிலும் லோசார்ட்டனும். குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதற்குத் தேவையான நொதியை எனலாப்ரில் ஒடுக்குகிறது. அதே நொதிதான் குழாயை விரிக்கும் பிராடிகைனின் என்ற உடற்பொருளையும் சிதைப்பதால், ஒடுக்கியவுடன் பிராடிகைனின் தேங்கிச் சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது. (இவ்வகையில் 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற காப்டோபிரில், பிராடிகைனினின் விளைவைக் கூட்டும் பிரேசில் விரியன் நஞ்சை ஆராய்ந்ததன் வழியாகப் பிறந்தது என்பதையும் இங்கே சொல்லலாம்.) லோசார்ட்டன் அந்த நொதியைத் தொடாமல், உருவான ஆஞ்சியோடென்சின் சென்று அமரும் ஏற்பியை மறிக்கிறது, ஆகவே இருமல் அரிது. 'நொதியொடுக்கி' என்ற சுருக்கப் பெயரை நான் ஏற்கவில்லை. கருவுற்றிருக்கும் பெண்களுக்கு இவ்விரு வகைகளுமே கூடாது என்பதால் அவற்றின் உறவு பெயரில் தெரிய வேண்டும்: 'ஆஞ்சியோடென்சின் ஆக்க ஒடுக்கி', 'ஆஞ்சியோடென்சின் ஏற்பிமறிப்பி'. நீளம்தான், ஆனால் நொதிக்கு ஒடுக்கி, ஏற்பிக்கும் மடைக்கும் மறிப்பி என்ற ஒழுங்கு குலையவில்லை.

அட்ரினலின் சென்று அமரும் பீட்டா ஏற்பியை மறிக்கும் அட்டெனலாலைப் 'பீட்டா ஏற்பிமறிப்பி' எனலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் இதனைத் திடீரென நிறுத்தக்கூடாது என்ற எச்சரிக்கையைப் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். நீர் மாத்திரைக்கு மட்டும் புதுச்சொல் வேண்டாம். உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் அதன் வேலை மக்கள் இட்ட பெயரிலேயே இருக்கிறது. இரவில் கடலுக்குப் போகிறவர் அதை எந்த வேளையில் சாப்பிடுவது என்று மருத்துவரைக் கேட்கவும் அப்பெயரே தூண்டும்.

லோசார்ட்டன் வகையைச் சேர்ந்த டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் ஒரே மாத்திரையாகவும் கிடைப்பதால், அத்தகைய கூட்டு மாத்திரைக்கு இரு வகைப்பெயர்களையும் முழுமையாக எழுதுவதா, சுருக்கக் குறியீடு வைப்பதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். முழுமையாக எழுதுவதையே நான் ஆதரிக்கிறேன்.